வேலையில் சேருமுன் ஒரு வாரம்: எந்த ஓன்சென், எப்படிக் குளிப்பது?

கேள்வி இதுதான். கோவையிலிருந்து ஒருவர் ஏப்ரல் 1-ஆம் தேதி ஃபுகுவோகாவில் ஒரு கம்பெனியில் சேரப்போகிறார். மனைவியும் கூட வருகிறார். ஒரு வாரம் முன்னதாகவே வந்து இறங்கி, குசாட்சு, ஹகோனே, தோகோ, பெப்பு என்று பேர்பெற்ற ஓன்சென், அதாவது வெந்நீர் ஊற்று, ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் குடித்தனம் தொடங்கலாமா என்று கேட்கிறார். மனைவி சைவம். இருவருக்குமே உடையில்லாமல் பொது இடத்தில் குளிப்பதை நினைத்தால் கூச்சம்.

நான்கு ஊர் வேண்டாம். பெப்புவுக்கு மட்டும் போங்கள். மூன்று நாளாவது அங்கேயே தங்குங்கள். நேரம் மிஞ்சினால் பக்கத்தில் ஒரு மலை ஊரில் ஒரு ராத்திரி. அவ்வளவுதான்.

முதல் காரணம் தூரம். ஃபுகுவோகாவும் பெப்புவும் ஒரே கியூஷு தீவில் இருக்கின்றன. குசாட்சுவும் ஹகோனேயும் டோக்கியோ பக்கம். தோகோ கடலுக்கு அந்தப்புறம் ஷிகோகு தீவில் இருக்கிறது. அதன் மூன்று மாடி மரக் கட்டடம் 1894-இல் எழுந்தது. பல ஆண்டுப் பழுதுபார்ப்பு முடிந்து 2024 ஜூலையில்தான் முழுதாகத் திறந்தார்கள். கட்டாயம் பார்க்க வேண்டிய இடம், ஆனால் இந்த வாரம் இல்லை. பெப்புவிலிருந்தே ஷிகோகுவுக்குப் படகு இருக்கிறது, ஏதாவது நீண்ட விடுமுறையில் போய்க்கொள்ளலாம். நீங்கள் சுற்றுலாப் பயணி இல்லை, இங்கேயே வாழப்போகிறவர். எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு எதற்கு?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜப்பான் முழுக்க ரயிலில் போகும் ஜே.ஆர். பாஸ் வாங்கிச் சுற்றலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அது நடக்காது. குறுகிய காலப் பயணியாக வருபவர்களுக்குத்தான் அந்தப் பாஸ். கியூஷு ரயில் பாஸுக்கும் அதே விதி. வேலை விசாவில் வருபவருக்குக் கிடையாது. பஸ்ஸுக்கான 'சன்க்யூ' பாஸ் மட்டும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ரயிலுக்கு ஜே.ஆர். கியூஷுவின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்தால் தள்ளுபடி கிடைக்கும். ஃபுகுவோகாவின் முக்கிய ஸ்டேஷனான ஹகாதாவிலிருந்து 'சோனிக்' ரயிலில் பெப்புவுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கடலோரமாகப் போகும் பாதை, பெப்பு நெருங்கும்போது இடப்பக்கம் விரிகுடா தெரியும்.

ஏன் பெப்பு? ஊற்றுகளின் எண்ணிக்கையில் ஜப்பானிலேயே முதலிடம் அந்த ஊருக்குத்தான், 2,000-க்கும் மேல். முதுகுப்புறம் 1,375 மீட்டர் உயர த்சுருமி எரிமலை, முன்னால் கடல். மலையில் பெய்த மழை பூமிக்குள் இறங்கிச் சூடேறி, பல பத்தாண்டுகள் கழித்து வெந்நீராக வெளியே வருகிறது. ஒரே ஊர் என்று பேர்தானே தவிர, உண்மையில் எட்டு ஊற்றுப் பகுதிகள் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் வேறு. ஜப்பானில் ஊற்று நீரைப் பத்து வகையாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் ஏழு வகை இந்த ஒரு ஊரிலேயே கிடைக்கின்றன. கடற்கரைப் பக்கம் உப்புச் சுவை. மலைமேல் மியோபானில் கந்தக வாடையோடு பால் கலந்தாற்போன்ற நீர். பத்து நிமிடம் பஸ்ஸில் போனால் தண்ணீர் மாறிவிடுகிறது.

ஆனால் உங்களை அங்கே போகச் சொல்வதற்கு இதெல்லாம்கூட முக்கியக் காரணம் இல்லை. பெப்புவில் குளியல் என்பது அன்றாடக் காரியம். சினிமாவில் காட்டும் ரியோகான் என்னும் பாரம்பரிய விடுதி, தோட்டம், பனி, பதினான்கு வகைச் சாப்பாடு எல்லாம் ஜப்பானியர்களே ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ போய் அனுபவிப்பது. பெப்புவில் தெருவுக்குத் தெரு குளியலறை இருக்கிறது. பலவற்றில் மாடியில் அந்தத் தெருக்காரர்களின் சமூகக் கூடம், கீழே குளிக்கும் இடம். சில நூறு யென் போதும், சில இடங்களில் அதுகூட வேண்டாம். சாயங்காலம் கடை அடைத்தவர், பள்ளியிலிருந்து வந்த பையன், தொண்ணூறு வயதுப் பாட்டி எல்லாரும் துண்டும் சோப்பும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு வருவார்கள். நம் ஊர்க் குளத்துப் படித்துறைப் பேச்சு மாதிரிதான் அங்கே பேச்சும்: யாருக்கு முழங்கால் வலி, எந்த வீட்டில் கல்யாணம். புது நாட்டில் குடியேறப்போகிற ஒருவர் முதல் வாரத்தில் பார்க்க வேண்டியது இந்த ஜப்பானைத்தான் என்பது என் கட்சி.

வெளிநாட்டு முகம் அந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 2000-இல் தொடங்கிய ரித்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் பெப்பு மலைமேல்தான் இருக்கிறது. அதன் மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டவர், தெற்காசியர்களும் உண்டு. அதனால் குளியலறையில் உங்களைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மளிகைக் கடையில் மசாலாவும் தேடினால் கிடைக்கும்.

சரி, கூச்சத்துக்கு வருவோம். அதைப் பெரிய தடையாக நினைக்க வேண்டாம், ஆனால் முதல் நாளே பொதுத் தொட்டியில் போய் இறங்கவும் வேண்டாம். பெப்புவில் படிப்படியாகப் போக வழியிருக்கிறது.

முதலில் 'அஷியு', அதாவது காலை மட்டும் நனைத்துக்கொள்ளும் தொட்டி. ஊரெங்கும் இருக்கிறது, பெரும்பாலும் இலவசம். துண்டு மட்டும் கையில் இருந்தால் போதும். அடுத்தது, மணல் குளியல். பெப்பு ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தாகேகவாரா என்ற குளியல் கூடம் இருக்கிறது. தொடக்கம் 1879, இப்போது நிற்கும் பெரிய மரக் கட்டடம் 1938-இல் கட்டியது. அங்கே யுகாட்டா என்னும் பருத்தி அங்கியைக் கட்டிக்கொண்டு படுத்தால், வேலைக்கார அம்மாக்கள் வெந்நீர் ஊறிய சுடுமணலை மண்வெட்டியால் அள்ளிக் கழுத்து வரைக்கும் மூடிவிடுவார்கள். மணல் நாம் நினைப்பதைவிடக் கனம். ஐந்தாவது நிமிடத்தில் விரல் நுனியில்கூட நாடி துடிப்பது கேட்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுப்பிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, பெப்புவின் எட்டுப் பகுதிகளில் ஒன்றான கன்னாவாவின் 'முஷியு' என்னும் நீராவி அறை. 1276-இல் இப்பேன் என்ற துறவி தொடங்கிவைத்ததாகச் சொல்கிறார்கள். குனிந்து, ஒரு சின்னக் கதவைத் திறந்து, தவழாத குறையாக உள்ளே போக வேண்டும். தரையெல்லாம் 'செகிஷோ' என்னும் ஒரு புல் பரப்பியிருப்பார்கள். அடியிலிருந்து ஊற்று நீராவி வந்து அந்தப் புல்லை வேகவைக்கும். அதன்மேல் படுத்தால் வரும் வாசனை உங்களுக்குப் பழக்கமானதாகத் தோன்றலாம், காரணம் இருக்கிறது: அந்தச் செடி நம் வசம்பின் இனம், ஒரே குடும்பம். இங்கேயும் சட்டையும் அரைக்கால் டவுசரும் போட்டுக்கொண்டே படுக்கலாம், இல்லையென்றால் யுகாட்டா வாடகைக்குத் தருவார்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

அதற்கடுத்து 'காஷிகிரி' அல்லது 'கசோகு-யு', நீங்கள் இருவர் மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் தனிக் குளியலறை. கணவன், மனைவி, குழந்தை என்று ஜப்பானியக் குடும்பங்களே இதைத்தான் விரும்பி எடுக்கிறார்கள். எந்தப் பொருள் எங்கே, எந்தக் குழாயில் என்ன சூடு, எப்படி உட்கார்ந்து குளிப்பது என்பதையெல்லாம் இங்கே யாரும் பார்க்காமல் பழகிக்கொள்ளலாம். இதற்கப்புறம் பொதுக் குளியல் அறைக்குள் போனால் பாதிக் கூச்சம் போயிருக்கும். மீதிப் பாதி, உள்ளே போன மூன்றாவது நிமிடத்தில் போய்விடும், ஏனென்றால் அங்கே ஒருவரும் உங்களைப் பார்ப்பதில்லை. பெண்கள் பக்கம் வரும் கூட்டத்தில் எல்லா வயதும் எல்லா உடம்பும் இருக்கும். அறுவைத் தழும்போடு வருபவரும் உண்டு, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருபவரும் உண்டு. உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்: ஆண்களும் பெண்களும் தனித்தனி அறை, வாசலில் நீலத் திரை ஆண்களுக்கு, சிவப்புத் திரை பெண்களுக்கு. ஒரு எச்சரிக்கை உண்டு. சில விடுதிகளில் இரண்டு அறைகளையும் தினமும் மாற்றி விடுவார்கள். நேற்று போன வழியில் இன்று கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள், திரையைப் பார்த்துப் போங்கள்.

குளிக்கும் முறையில் ஒரே ஒரு விதிதான் அடிப்படை: தொட்டி கழுவிக்கொள்வதற்கு இல்லை, கழுவிக்கொண்ட பிறகு ஊறுவதற்கு. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். அதனால் பொது விதிகளை விட்டுவிட்டு, நம்மவர்களுக்குக் குறிப்பாக எது எது இடிக்கும் என்று சொல்கிறேன்.

நாம் நின்றுகொண்டு மக்கில் மொண்டு தலையில் ஊற்றிப் பழகியவர்கள். இங்கே ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். நின்று ஊற்றினால் பக்கத்தில் இருப்பவர் மேலெல்லாம் சோப்பு நுரை தெறிக்கும், அதை யாரும் ரசிப்பதில்லை. முடித்ததும் ஸ்டூலையும் பேசினையும் அடுத்தவருக்காக ஒரு தடவை அலசி வைப்பது வழக்கம். தலையில் தேங்காய் எண்ணெய் வைப்பவர் அன்று முதலில் ஷாம்பு போட்டு நன்றாக அலச வேண்டும். தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அடுத்தவர் இறங்க மாட்டார். நீளக் கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுவிட வேண்டும், முடி நுனிகூடத் தண்ணீரைத் தொடக் கூடாது. குளிக்கிற சாக்கில் உள்ளாடையைத் துவைத்துக்கொள்ளும் நம் நல்ல பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. சின்னத் துண்டு ஒன்று கையில் கொண்டுபோகலாம், நடக்கும்போது மறைத்துக்கொள்ளவும் அதுதான். ஆனால் தொட்டிக்குள் அது இறங்கக் கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது உடம்பை அந்தத் துண்டால் ஒற்றிவிட்டுத்தான் உடை மாற்றும் அறைக்குள் கால் வைக்க வேண்டும். செல்போனை உள்ளே எடுக்கவே கூடாது.

இன்னொன்று, வெள்ளி. மியோபான் மாதிரியான கந்தக ஊற்றில் வெள்ளி நகையோடு இறங்கினால் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் விடுதியிலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது. மெட்டியைக் கழற்ற மனமில்லை என்றால் உங்கள் மனைவி கந்தகம் இல்லாத ஊற்றுக்குப் போகலாம், பெப்புவில் அதற்குக் குறைவில்லை. தங்கத்தைக் கந்தகம் அவ்வளவாகத் தொடாது. இருந்தாலும் தாலிச் செயினில் செம்பு கலந்திருக்கும், கல் பதித்த நகையும் சூட்டுக்கு ஆகாது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பொதுத் தொட்டியில் இறங்குவதில்லை.

பச்சை குத்தியிருக்கிறீர்களா என்று கேள்வியில் இல்லை. கையில் சின்னதாகப் பேர் பச்சைகுத்தியிருந்தாலும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். 2013-இல் ஹொக்கைடோவில், முகத்தில் பாரம்பரியப் பச்சை குத்தியிருந்த மாவோரிப் பெண் ஒருவரை உள்ளே விடாதது பெரிய செய்தியானது. அதன்பின் 2015-இல் ஜப்பான் சுற்றுலாத் துறை எடுத்த கணக்கில், பதில் சொன்ன விடுதிகளில் பாதிக்கும் மேல் பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்றே சொல்லின. பெப்புவின் தெருக் குளியலறைகள் இந்த விஷயத்தில் பொதுவாகத் தாராளம். தனிக் குளியலறையில் இந்தப் பேச்சே இல்லை.

தெருக் குளியலறைக்குப் போனால் மட்டும் சில கூடுதல் விஷயங்கள். அங்கே ஷவர் இருக்காது, சோப்பு, ஷாம்பு இருக்காது, பூட்டுள்ள அலமாரியும் இருக்காது. அறையின் நடுவில் ஒரு தொட்டி, சுற்றிலும் ஈரத் தரை. எல்லாரும் தொட்டியோரம் உட்கார்ந்து, பேசினால் அதிலிருந்தே மொண்டு கழுவிக்கொள்வார்கள். மொள்ளும் பேசினிலிருந்து சோப்பு நீர் தொட்டியில் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே நுழையும்போது 'கொன்னிச்சிவா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சூழல் இளகிவிடும். தண்ணீர் கடுஞ்சூடாக இருக்கும், 43 டிகிரி, சில நாள் அதற்கும் மேல். பச்சைத் தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் கேட்காமல் திறக்காதீர்கள். அந்தச் சூட்டுக்காகவே தினமும் வரும் கிழவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முகம் சட்டென்று மாறும். குழாயைக் காட்டி 'மிசு, ஈ தெசு கா?' (தண்ணீர் விடலாமா?) என்றால் போதும். பெரும்பாலும் அவர்களே எழுந்துவந்து திறந்துவிடுவார்கள்.

எவ்வளவு நேரம் ஊறுவது? ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சின் வழிகாட்டுதல்படி, முதல் சில நாட்களுக்கு ஒரு தடவைக்கு மூன்று முதல் பத்து நிமிடம், நாளைக்கு ஒன்று இரண்டு முறை. பழகிய பிறகு பதினைந்து, இருபது நிமிடம். காசு கொடுத்து வந்துவிட்டோமே என்று நாளைக்கு ஆறு தொட்டியில் இறங்குகிறவர்கள் இரண்டாம் நாள் தலைவலியும் சோர்வுமாகப் படுத்துவிடுவார்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம், வெறும் வயிற்றிலும் வேண்டாம், பீர் குடித்துவிட்டு வேண்டவே வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர். இறங்குமுன் காலிலிருந்து மேலே தோள் வரை பேசினால் வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள், சுத்தத்துக்கும் அது வேண்டும், ரத்த அழுத்தம் சட்டென்று ஆடாமலிருக்கவும் வேண்டும். பி.பி., இதயக் கோளாறு இருந்தால் கிளம்புமுன்னே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். ஊற்று நீரைக் கழுவாமல் அப்படியே ஒற்றிக்கொள்வது பொது வழக்கம். ஆனால் அமிலம் மிகுந்த மியோபான் தண்ணீர் சிலருக்கு எரியும், அப்படியானால் நல்ல தண்ணீரில் அலசிவிடலாம்.

அந்தக் காலத்து விவசாயிகள் அறுவடை முடிந்த ஓய்வில் ஊற்று ஊர்களுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்வார்கள். 'தோஜி' என்று பெயர். ஏழு நாள் ஒரு சுற்று, முடிந்தால் மூன்று சுற்று. அரிசி, காய்கறி எல்லாம் தாங்களே கொண்டுபோய்ச் சமைத்துக்கொள்வார்கள். இந்தப் பழக்கம் பெரும்பாலான ஊர்களில் மங்கிவிட்டது, கன்னாவாவில் இன்னும் இருக்கிறது. உங்கள் மனைவியின் சைவத்துக்கு விடையும் அங்கேதான்.

ரியோகானின் இரவுச் சாப்பாட்டைச் சைவமாக மாற்றுவது லேசில்லை. மீனை எடுத்துவிட்டாலும் சூப்பு, வேகவைத்த காய், கீரைமேல் ஊற்றும் சாறு எல்லாவற்றுக்கும் அடிப்படை 'தாஷி', அது உலர்ந்த கட்சுவோ மீனில் இறக்கிய சாறு. நம் ஊர் மாசிக் கருவாட்டுக்கு உறவு. 'சைவம்' என்று மட்டும் சொன்னால் அதை விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. மீன் சாறும் ஆகாது என்று தனியாக, பதிவு செய்யும்போதே எழுத வேண்டும். வந்து இறங்கியபின் சொன்னால் அவர்கள் படும் பாடு பார்க்கச் சகிக்காது.

கன்னாவாவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தெருவோரச் சாக்கடை மூடியிலிருந்துகூட ஆவி வருகிறது. அந்த ஆவியிலேயே சமைக்கிறார்கள், பெயர் 'ஜிகோகு-முஷி', நரக அவியல் என்று வைத்துக்கொள்ளலாம். தனி அறை மட்டும் வாடகைக்கு விடும் பழைய விடுதிகளின் முற்றத்தில் கல்லோ சிமென்டோ கட்டிய நீராவி அடுப்பு இருக்கும். வால்வைத் திறந்ததும் ஜெட் போலப் பாயும் ஆவியில் மூங்கில் தட்டை இறக்கி மரமூடி போட வேண்டியதுதான். சர்க்கரைவள்ளி அரை மணி நேரம், பூசணி அதில் பாதி, கீரை மூன்று நான்கு நிமிடம். ஆவியில் லேசாக உப்பு இருப்பதால் சும்மா தின்றாலே ருசிக்கும். மாவு கிடைத்து, கோவையிலிருந்து இட்லித் தட்டும் பெட்டியில் வந்திருந்தால் இட்லியே அவிக்கலாம், எரிமலைச் சூட்டில். கைக்கு நீளக் கையுறை அங்கேயே வைத்திருப்பார்கள், போடாமல் மூடியைத் தூக்காதீர்கள், ஆவி 100 டிகிரியை ஒட்டி இருக்கும். இப்படிப்பட்ட விடுதி ரியோகானைவிட எவ்வளவோ மலிவு. அங்கே தங்காவிட்டாலும் கவலையில்லை. காயைக் கூடையோடு வாங்கி நீங்களே அவித்துச் சாப்பிடும் பொதுச் சமையற்கூடம் ஒன்று கன்னாவா நடுவிலேயே உண்டு. இனிப்புக்கு 'யசேஉமா' கேளுங்கள்: கோதுமை மாவில் தட்டையாக இழுத்த பட்டை, மேலே வறுத்த சோயா மாவும் சர்க்கரையும். பெப்பு இருக்கும் ஓயிதா மாவட்டத்துக்காரர்களின் வீட்டுப் பலகாரம், மீன் வாசனையே இல்லை.

கொதிக்கும் நீலக் குளம், சிவப்புக் குளம் என்று விளம்பரத்தில் வரும் ஏழு 'நரகங்கள்' பார்ப்பதற்கு மட்டும், குளிப்பதற்கு இல்லை. நீல நரகம் 98 டிகிரி. நேரமிருந்தால் அதை மட்டும் பாருங்கள், மற்றவற்றை விட்டாலும் நஷ்டமில்லை.

மூன்று நாள் கழித்து மலைக்குப் போவதென்றால் யுஃபுயின், இல்லை குரோகவா. யுஃபுயின் பெப்புவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்; 1,583 மீட்டர் மலை தலைக்குமேல் நிற்கும் அழகான ஊர்தான், ஆனால் பகல் முழுக்கக் கடைத்தெருக் கூட்டம். என்னைக் கேட்டால் குரோகவா. குமாமோட்டோ மாவட்டத்தில், 700 மீட்டர் உயரத்தில், ஓர் ஆற்றின் இரு கரையிலும் ஏறத்தாழ 30 விடுதிகள். ஒரு காலத்தில் ஆள் வராமல் தூங்கி வழிந்த ஊர் அது. ஒரு விடுதிக்காரர் உளியும் சுத்தியலுமாகப் பாறையைக் குடைந்து குகைக் குளியலறை ஒன்றை உண்டாக்கினார்; அங்கே மட்டும் ஆட்கள் வருவதைப் பார்த்த மற்றவர்களும் அவரிடம் கேட்டுத் தங்கள் விடுதிகளில் திறந்தவெளித் தொட்டிகள் அமைத்தார்கள். 1986-இல், வட்டமாக வெட்டிய உள்ளூர் மரத்துண்டு ஒன்றை அனுமதிச் சீட்டாக்கினார்கள். அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எந்த மூன்று விடுதிகளின் தொட்டியிலும் இறங்கலாம். பளபள விளம்பரப் பலகைகளைத் தாங்களாகவே பிடுங்கிப் போட்டுவிட்டு ஊரெங்கும் மரம் நட்டார்கள். விடுதிகள் ஒன்றோடொன்று போட்டி போடாமல் ஊரையே ஒரு விடுதியாக நடத்துவது ஜப்பானிலும் அரிது. அங்கே ஒரு ராத்திரி நல்ல ரியோகானில் தங்கி, அந்தப் பதினான்கு வகைச் சாப்பாட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ரியோகான் விலை அறைக்கு இல்லை, ஆளுக்கு. இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்து. இணையத்தில் பார்க்கும் தொகையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். மேற்கொண்டு குளியல் வரி என்று சின்னத் தொகை வரும், பல ஊர்களில் ஆளுக்கு 150 யென். மாலை மூன்று மணிக்கு அறை தருவார்கள், இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே. தாமதமாகப் போனால் சாப்பாடு இருக்காது. அறையில் வைத்திருக்கும் யுகாட்டாவைக் கட்டும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை.

இப்போது குடியேறும் காரியங்கள். ஃபுகுவோகா விமான நிலையத்திலேயே வசிப்பிட அட்டை அச்சிட்டுத் தருவார்கள், அதை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். குளிக்கப் போகும்போதும் தான். வீட்டு முகவரியை வார்டு அலுவலகத்தில் பதிவது, குடிபுகுந்த நாளிலிருந்து 14 நாளுக்குள். அதனால் ஓன்சென் பயணத்தால் அது தள்ளிப்போகுமோ என்ற பயம் வேண்டாம். பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு குரோகவா சரிவில் ஏறாதீர்கள். ஹகாதா ஸ்டேஷனில் காசு போட்டுப் பெட்டி வைக்கும் லாக்கர் பெரும்பாலும் மூன்று நாளைக்குத்தான் செல்லும். திரும்பி வந்து தங்கப்போகும் ஹோட்டலிலேயே முதல் இரவும் தங்கினால் பெட்டிகளை அங்கேயே விட்டுப் போகலாம், கேட்டால் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். மார்ச் கடைசி வாரம் ஜப்பான் முழுக்க வீடு மாறும் பருவம். வேலை மாற்றம், கல்லூரி சேர்க்கை எல்லாம் ஏப்ரலில் தொடங்குவதால் பொருள் ஏற்றும் வண்டிக்குக்கூடத் தட்டுப்பாடு. ஆகவே 30, 31 தேதிகளை ஊருக்கு வெளியே கழிக்காதீர்கள். 24-இல் இறங்கினால் 25 காலை பெப்பு, 28 குரோகவா, 29 மாலை பஸ்ஸில் ஃபுகுவோகா என்று வைத்துக்கொள்வது நிதானமாக இருக்கும். குரோகவாவிலிருந்து ஹகாதாவுக்கு நேர் பஸ் உண்டு, மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும்.

வேலையில் சேர்ந்தபின் பெப்பு வரை போக நேரமில்லாத வாரங்கள்தான் அதிகம் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ஃபுட்சுகாயிச்சி இருக்கிறது. ஹகாதாவிலிருந்து ரயிலில் கால் மணி நேரம், அப்புறம் கொஞ்சம் நடை. எதிரும் புதிருமாக இரண்டு எளிய பொதுக் குளியல் கூடங்கள், உள்ளூர்க்காரர்கள் வேலை முடிந்து வரும் இடம். எட்டாம் நூற்றாண்டில் பக்கத்து தசைஃபுவுக்கு ஆளுநராகத் தலைநகரிலிருந்து அனுப்பப்பட்ட ஒட்டோமோ நோ தபித்தோ என்ற பிரபு, வந்த கொஞ்ச நாளில் மனைவியை இழந்தார். இந்த ஊற்றில் தங்கியிருந்தபோது நாணலில் கத்தும் கொக்கு தன்னைப் போலவே துணைக்காக ஏங்குகிறதோ என்று அவர் பாடிய பாட்டு இன்றும் இருக்கிறது. வேலை மாற்றலில் கியூஷு வந்தவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை.

ரயில் முன்பதிவு பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். ஹகாதாவிலிருந்து யுஃபுயின் போகும் பச்சை ரயிலில் ஆசை இருந்தால் அந்த நிமிடமே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். அதில் முன்பதிவு இல்லாத இருக்கையே கிடையாது, மார்ச் கடைசியில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கன்னாவா விடுதிகளில் பல சிறியவை, இணையப் பதிவுத் தளங்களில் எல்லாம் வருவதில்லை. மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அதிலேயே இறைச்சி, மீன், மீன் சாறு வேண்டாம் என்று எழுதும்போது, முட்டை ஆகுமா ஆகாதா என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.